படத்தில் கருப்புப் பட்டை: எந்தப் பக்கம் வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்

"மானிட்டர் முழுசா படம் வர மாட்டேங்குதுண்ணே, மேலயும் கீழயும் கருப்பா நிக்குது." பழுது பார்க்கும் மேசைக்கு ஓயாமல் வரும் புகார் இது. சொல்லும் வார்த்தை எல்லோருக்கும் ஒன்றுதான், காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு எதுவுமே பழுதில்லை, படமே அப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கு ஃபைலுக்குள்ளேயே பட்டை பதிந்து கிடக்கிறது. வேறொருவருக்கு விண்டோஸில் ஒரே ஒரு செட்டிங் மாறியிருக்கிறது. அரிதாக ஒருவருக்குப் பேனலே, அதாவது மானிட்டருக்குள் படம் காட்டும் திரைத் தகடே, போயிருக்கிறது. இது தெரியாமல் புது மானிட்டர் வாங்கி, அதிலும் அதே பட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

பட்டையை எடுப்பதற்காகப் படத்தை இழுக்காதீர்கள். முகம் அகன்று, தலை நசுங்கிய படத்தைவிடப் பட்டையோடு இருக்கும் படம் ஆயிரம் மடங்கு மேல். கீழே சொல்லும் வழிகளில் எதுவும் முகத்தின் அளவைக் கெடுக்காது. கெடுக்கக்கூடிய இடங்களில் எச்சரித்திருக்கிறேன்.

## தொடுவதற்கு முன் இரண்டு சோதனை

ஒன்று. படத்தை மூடிவிட்டு டெஸ்க்டாப்பைப் பாருங்கள். கீழே டாஸ்க்பார் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை போகிறதா? வால்பேப்பர் நாலு விளிம்பையும் தொடுகிறதா? தொட்டால் மானிட்டரும் கம்ப்யூட்டரும் நலம், கோளாறு வீடியோவில்தான். தொடவில்லை என்றால் நடுப் பிரிவுகளை விட்டுவிட்டு, "டெஸ்க்டாப்பிலேயே பட்டை" என்ற பிரிவுக்குப் போய்விடுங்கள். பிளேயரில் எதைத் தட்டினாலும் உங்களுக்குப் பலன் இல்லை.

இரண்டு. வீடியோவை முழுத்திரையிலிருந்து வெளியே கொண்டுவந்து, பிளேயர் விண்டோவின் ஓரத்தை மவுஸால் பிடித்து அகலத்தையும் உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். விண்டோவின் வடிவம் மாற மாற பட்டை மெலிந்து ஒரு கட்டத்தில் முற்றிலும் மறைந்தால், அது பிளேயர் போட்ட பட்டை. எப்படி மாற்றினாலும் பட்டை படத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தால், அது ஃபைலுக்குள் பதிந்த பட்டை. கடைசி வரை இந்தப் பிரிவினையை மனதில் வையுங்கள், பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

வி.எல்.சி என்ற இலவச வீடியோ பிளேயர் வைத்திருப்பவர்கள் எண்ணாகவே பார்க்கலாம். படம் ஓடும்போது கண்ட்ரோலும் ஜே விசையும் சேர்த்து அழுத்தினால் கோடெக் தகவல் திறக்கும். அதில் வீடியோ ரெசல்யூஷன், அதாவது புள்ளிக் கணக்கில் அகலம்×உயரம், 1920×804, 1920×800 என்பதுபோல இருந்தால் ஃபைலுக்குள் பட்டை இல்லை. 1920×1080 என்று இருந்து, வழக்கமான 16:9 மானிட்டரில் (அகலம் 16 பங்கு, உயரம் 9 பங்கு) பட்டையும் தெரிந்தால், அந்தக் கருப்பும் சேர்த்தே பதிவு செய்யப்பட்டிருக்கிறது.

## மேலும் கீழும் பட்டை. மானிட்டர் வழக்கமான 16:9

### முகங்கள் சரியாக இருக்கின்றன

பழுது இல்லை. சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு. உங்கள் மானிட்டரின் அகலம் உயரத்தைப்போல 1.78 மடங்குதான். 1920×1080 திரையில் ஸ்கோப் படம் அகலத்தை முழுதாக நிரப்பினால் உயரத்தில் சுமார் 803 வரிதான் வரும். மிச்சம் மேலே 138, கீழே 138 கருப்பு. புதுத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்தான், ஆகவே அநேகமாக நீங்கள் போடும் எல்லாப் படத்திலும் இது வரும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வி.எல்.சியில் முழுத்திரையில் வைத்து 'சி' விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அளவு திரையில் எழுதிக் காட்டும். 16:9 வந்ததும் நிறுத்துங்கள். எம்.பி.வி பிளேயரில் பெரிய 'டபிள்யூ', அதாவது ஷிஃப்டோடு சேர்த்து, அழுத்த அழுத்தப் படம் விரிந்து நிரம்பும். சின்ன 'டபிள்யூ' பழையபடி சுருக்கும். எம்.பி.சி-எச்.சியில் வீடியோ ஃபிரேம் மெனுவுக்குள் 'டச் விண்டோ ஃப்ரம் அவுட்சைடு' என்று இருக்கிறது, அதுவே போதும்.

ஆனால் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்கட்டும். இப்படி நிரப்பும்போது படத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகிறது. பாட்டு, சண்டைக் காட்சி என்றால் பெரிதாகத் தெரியாது. இரண்டு பேர் திரையின் இரு ஓரத்தில் நின்று பேசும் காட்சியில் இருவரின் பாதி முகமும் வெளியே போய்விடும். ஒளிப்பதிவாளர் யோசித்து வைத்த இடத்தை நாம் வெட்டுகிறோம். ஸ்கோப் படத்தின் பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

பட்டை மிக மெல்லியதாக, இருபது வரி அளவில் இருந்தால் அது 1.85 அளவில் எடுத்த படம். அதைத் தயங்காமல் வெட்டலாம், நூற்றுக்கு நாலு பங்குதான் இழப்பு.

சப்டைட்டில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஃபைலிலேயே பதிந்த சப்டைட்டில் சில நேரம் கீழ்ப் பட்டைக்குள் இருக்கும். பட்டையை வெட்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். தனி ஃபைலாக வரும் சப்டைட்டிலுக்கு இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை.

### முகங்கள் சப்பையாக, அகன்று தெரிகின்றன

யாரோ 'ஏ' விசையைத் தட்டியிருக்கிறார்கள். வி.எல்.சியில் 'சி' வெட்டும், 'ஏ' இழுக்கும். பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு 'ஏ'வை அழுத்தி 2.35 என்று வைத்துவிடுவார்கள். டீஃபால்ட் என்று வரும்வரை 'ஏ'வைத் தட்டுங்கள், சரியாகிவிடும்.

### லேப்டாப்பில் மட்டும் மெல்லிய பட்டை, டி.வி.யில் இல்லை

இப்போது வரும் லேப்டாப்களில் பல 16:10. அதாவது 1920×1200. சாதாரண 16:9 வீடியோ அதில் ஓடினால் மேலே 60, கீழே 60 வரி கருப்பாக நிற்பது இயல்பு. 'சி'யைத் தட்டி 16:10 வையுங்கள். ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். கிரிக்கெட் பார்க்கும்போது ஸ்கோர் எழுதிய மூலை வெட்டுப்படலாம் என்பதால் அதற்கு மட்டும் வேண்டாம்.

## இடமும் வலமும் பட்டை

### பழைய படம், பழைய பாட்டு

1973இல் வந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதற்கு முந்தைய தமிழ்ப் படங்களின் சட்டம் கிட்டத்தட்ட 4:3, பிறகும் பல ஆண்டுகள் ஸ்கோப் அல்லாத படங்கள் வந்துகொண்டிருந்தன. 4:3 படம் 1920×1080 திரையில் 1440 புள்ளி அகலம்தான் பிடிக்கும். இடது பக்கம் 240, வலது பக்கம் 240 காலி. இதுதான் சரியான தோற்றம்.

இதை நிரப்ப மேலும் கீழும் வெட்ட வேண்டும், உயரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். பழைய படங்களில் நெருக்கக் காட்சிகளில் தலையும் முகவாயும் போகும். நடனக் காட்சியில் பாதம் போகும். பரதநாட்டியத்தைப் பாதம் இல்லாமல் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

இதன் தலைகீழ்க் கோளாறு ஒன்றும் நிறையவே உண்டு. பட்டை இல்லை, திரை நிரம்பி இருக்கிறது, ஆனால் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் குண்டாகத் தெரிகிறார்கள். யாரோ 4:3 படத்தை 16:9க்கு இழுத்து ஏற்றிவிட்டார்கள். ஃபைல் உங்கள் கையில் இருந்தால் வி.எல்.சியில் 'ஏ'வைத் தட்டி 4:3 வையுங்கள். ஓரங்களில் பட்டை வரும், முகம் சரியாகும். இந்த ஒரு இடத்தில் பட்டையை நாமே கேட்டு வாங்குகிறோம்.

### மானிட்டர் 21:9, வீடியோ சாதாரண 16:9

அகல மானிட்டர் வாங்கியவர்களுக்கு வரும் முதல் ஏமாற்றம் இது. 2560×1080 மானிட்டரில் யூடியூப் வீடியோ 1920 அகலம்தான் பிடிக்கும், பக்கத்துக்கு 320 காலி. 3440×1440 என்றால் பக்கத்துக்கு 440. மானிட்டரை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கடையில் சண்டை போடாதீர்கள், அங்கே பழுது எதுவும் இல்லை.

வெட்டி நிரப்பலாம். ஆனால் உயரத்தில் நாலில் ஒரு பங்கு போகிறது. செய்தி சேனலில் கீழே ஓடும் வரி போகும், பாடம் நடத்தும் வீடியோவில் பலகையின் மேல் ஓரம் போகும். இந்த மானிட்டரில் 16:9 வீடியோவை முழுத்திரையாக்காமல் ஒரு பக்கம் விண்டோவாக ஒதுக்கிவிட்டு மறுபக்கம் வேறு வேலையைத் திறந்து வைப்பதுதான் அந்த அகலத்துக்குக் கிடைக்கும் உண்மையான பயன்.

### முகங்கள் ஒல்லியாக, நீண்டு தெரிகின்றன

டி.வி.டியிலிருந்து எடுத்த ஃபைலில் இது அடிக்கடி. 720×576 என்று இருக்கும், அதை 16:9ஆக விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு எடுத்தவர் கையில் தொலைந்திருக்கும். பிளேயர் அதை அப்படியே ஒடுக்கிக் காட்டுகிறது. வி.எல்.சியில் 'ஏ'வைத் தட்டி 16:9. இங்கே இழுப்பதுதான் சரி, ஏனென்றால் ஏற்கெனவே அமுங்கியிருப்பதை விடுவிக்கிறோம்.

### ஃபோனில் எடுத்த வீடியோ

நிற்க வைத்து எடுத்திருந்தால் 1080 உயரத் திரையில் சுமார் 607 புள்ளி அகலம்தான் கிடைக்கும். இதற்கு மருந்தில்லை. அடுத்த முறை ஃபோனைச் சாய்த்துப் பிடியுங்கள். வீடியோ படுத்துக்கிடந்தால் மட்டும் வி.எல்.சியின் எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், வீடியோ எஃபெக்ட்ஸ், ஜியோமெட்ரி என்று போய் 90 டிகிரி திருப்புங்கள்.

## நாலு பக்கமும் பட்டை. நடுவில் சிறியதாகப் படம்

மக்களை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். நல்ல செய்தி, ஒன்றும் இழக்காமல் சரிசெய்ய முடிவதும் இதைத்தான். இங்கே பட்டையை விட்டுவைக்கச் சொல்ல மாட்டேன், தாராளமாக எடுங்கள்.

என்ன நடந்திருக்கிறது என்றால், படம் இரண்டு முறை பெட்டிக்குள் போயிருக்கிறது. அகலமான ஸ்கோப் படத்தை ஒருவர் குறுகிய சட்டத்துக்குள் வைத்து மேலும் கீழும் கருப்பைப் பதித்துவிட்டார். அந்தச் சட்டத்தை உங்கள் அகலத் திரை இன்னொரு முறை வைத்து இடமும் வலமும் கருப்பைச் சேர்க்கிறது. பிளேயருக்குப் பதிந்த கருப்பும் படம்தான், அதை வெட்டலாம் என்று தானாகத் தெரியாது.

### பழைய வி.சி.டி., டி.வி. பதிவு

4:3 டி.வி. காலத்தில் பதிவான ஸ்கோப் படங்கள். 16:9 மானிட்டரில் போட்டால் திரையின் பரப்பில் நூற்றுக்கு 42 பங்கில்தான் படம் தெரியும். வி.எல்.சியில் 'சி'யைத் தட்டி 2.35:1 அல்லது 2.39:1 வையுங்கள். பதிந்த கருப்பு வெட்டுப்பட்டு, படம் அகலம் முழுக்க விரியும். மேலும் கீழும் 138 வரிப் பட்டை அப்போதும் இருக்கும். அது படத்தின் சொந்தப் பட்டை, அதோடு விட்டுவிடுங்கள்.

விரிந்த பிறகு படம் மங்கலாகத் தெரிந்தால் பிளேயரைக் குறை சொல்ல முடியாது. 720×576 சட்டத்தில் பட்டை போக உண்மையான படம் 320 வரி அளவுக்குத்தான் இருக்கிறது. 352×288 வி.சி.டி. என்றால் வெறும் 160. அதைக் கூர்மையாக்கித் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், அதே படத்தின் நல்ல பிரதி அதிகாரபூர்வமாக எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

### 21:9 மானிட்டரில் 16:9 ஃபைல்

ஸ்கோப் படம் பார்ப்பதற்காகவே இந்த மானிட்டரை வாங்கியிருப்பீர்கள். போட்டால் நாலு பக்கமும் கருப்பு. 3440×1440 திரையில் படம் 2560×1071 புள்ளிக்குள் அடைந்துகிடக்கும், திரையில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய பரப்பு. அதே 'சி', அதே 2.39:1. அந்த அளவு வந்ததும் விளிம்பு முதல் விளிம்பு வரை படம். செய்து காட்டும்போது பார்ப்பவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும்.

வி.எல்.சியின் பட்டியலில் இருக்கும் அளவுகள் உங்கள் திரைக்கு மயிரிழை பொருந்தாமல் மெல்லிய கோடு நின்றால், பிரிஃபரன்சஸில் கீழே ஷோ செட்டிங்ஸ் என்ற இடத்தில் 'ஆல்' தேர்ந்தெடுத்து, வீடியோ பிரிவில் 'கஸ்டம் கிராப் ரேஷியோஸ் லிஸ்ட்' என்ற கட்டத்தில் உங்கள் அளவை எழுதுங்கள். 2560×1080க்கு 64:27. 3440×1440க்கு 43:18. இரண்டையும் எழுதுவதானால் நடுவில் காற்புள்ளி. வி.எல்.சியை மூடித் திறந்தால் 'சி' பட்டியலின் கடைசியில் அவை வந்து நிற்கும்.

### பிரவுசரில் ஓடும் வீடியோ

பட்டை பதியாத வீடியோவை யூடியூப் தானே திரைக்கேற்ப விரித்துக்கொள்ளும். பதிந்த பட்டைக்குக் கம்ப்யூட்டரில் அதன் பிளேயரில் பொத்தான் இல்லை. ஃபோன் செயலியில் இரண்டு விரலால் விரித்தால் நிரம்பும், கம்ப்யூட்டரில் அதுவும் இல்லை. இதற்கென்றே அல்ட்ராவைடிஃபை, அல்ட்ராவைடியோ போன்ற பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன. பிரவுசரின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் போடுங்கள். இத்தகைய நீட்சிகள் நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும். வங்கிக் கணக்குத் திறக்கும் பிரவுசரில் போடாமல், படம் பார்க்க வேறொரு பிரவுசரை ஒதுக்கி அதில் போடுவது நல்லது. எதுவும் போட மனமில்லை என்றால் அந்த வீடியோவைப் பட்டையோடே பாருங்கள். கண்ட தளத்திலிருந்து 'வீடியோ ஃபிக்சர்' என்று எதையாவது இறக்கி, பட்டையோடு வைரஸையும் சேர்த்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

### நிரந்தரமாக வெட்டி வைக்க

ஒரு ஃபைலைப் பலமுறை பார்ப்பதாக இருந்தாலும், டி.வி.யில் பென் டிரைவில் போட்டுப் பார்ப்பதாக இருந்தாலும் மட்டும் இந்த வேலையில் இறங்குங்கள். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம். ஃபைலைத் திறந்தால் டைமென்ஷன்ஸ் பகுதியில் கிராப்பிங் இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் விட்டால் அதுவே சில காட்சிகளை எடுத்துப் பார்த்துப் பட்டையை அளந்துகொள்ளும். இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்தில் அந்த அளவை நம்ப முடியாது, கஸ்டம் என்று மாற்றி நீங்களே மேலும் கீழும் எண்ணைப் போடுங்கள். 1920×1080 ஃபைலில் ஸ்கோப் படம் என்றால் மேலே 138, கீழே 138 என்று தொடங்கி, பிரிவியூவில் பார்த்து இரண்டிரண்டாகக் கூட்டுங்கள், குறையுங்கள்.

வெட்டிய பிறகு உயரத்தை மறுபடி 1080க்கு ஏற்றாதீர்கள், அங்கேதான் முகம் கெடும். புது ஃபைலை முழுதாக ஓட்டிப் பார்க்கும்வரை பழைய ஃபைலை அழிக்காதீர்கள். இந்த முறையில் வீடியோ மீண்டும் சுருக்கப்படுகிறது, தரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

### உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ

எடிட்டர் கொடுத்த ஃபைலில் நாலு பக்கமும் பட்டை என்றால் நீங்கள் வெட்ட வேண்டாம். எடிட்டிங்கில் புராஜெக்ட் அளவு ஒன்று, கேமரா அளவு வேறொன்று என்று இருந்திருக்கிறது. அவரிடம் "சீக்வென்ஸ் செட்டிங்கைக் கேமரா அளவுக்கு மாற்றி மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணிக் கொடுங்க தம்பி" என்று கேளுங்கள். மூல ஃபைலை அவர் அழிப்பதற்கு முன்பே கேளுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஃபைலை வெட்டினால் கிடைப்பதைவிட அது எவ்வளவோ தெளிவாக இருக்கும்.

## ஒரு காட்சியில் பட்டை, அடுத்த காட்சியில் இல்லை

சில படங்களில் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் உயரமாகவும் மற்றவை ஸ்கோப்பாகவும் வரும். வேண்டுமென்றே செய்தது. இந்தப் படங்களில் 'சி'யைத் தொடாதீர்கள், ஆட்டோமேட்டிக் கிராப்பையும் நம்பாதீர்கள். உயரமான காட்சிகளில் தலை போய்விடும்.

## டெஸ்க்டாப்பிலேயே பட்டை

படம் ஓடாதபோதும் பட்டை இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றையும் சந்தேகப்பட வேண்டும். காசு செலவில்லாததிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலும் முதல் மூன்றுக்குள் முடிந்துவிடும்.

ரெசல்யூஷன். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. 'ரெக்கமண்டட்' என்று எழுதிய அளவு தேர்வாகியிருக்கிறதா? பழைய கேம் ஒன்று 1024×768க்கு மாற்றிவிட்டுத் திரும்ப மாற்றாமல் மூடியிருக்கும். ரெக்கமண்டடைத் தேர்ந்தெடுத்தாலே பட்டை போய்விடும்.

இரண்டு திரைக்கும் ஒரே படம். லேப்டாப்பை டி.வி.யிலோ புரொஜெக்டரிலோ செருகியிருக்கிறீர்களா? டூப்ளிகேட்டில் இருந்தால் இரண்டுக்கும் பொதுவான ஒரு அளவைத்தான் அனுப்பும். லேப்டாப் 16:10, டி.வி. 16:9 என்றால் இரண்டில் ஒன்றில் பட்டை நிச்சயம். விண்டோஸ் விசையும் பி விசையும் சேர்த்து அழுத்தி 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' போடுங்கள்.

மானிட்டரின் சொந்த மெனு. மானிட்டரின் கீழேயோ பின்னாலோ இருக்கும் பொத்தானை அழுத்தி, பிக்சர் அல்லது இமேஜ் பகுதியில் ஆஸ்பெக்ட் ரேஷியோவைப் பாருங்கள். 4:3 என்றோ 1:1 என்றோ இருந்தால் ஃபுல் அல்லது வைடு என்று மாற்றுங்கள். துடைக்கும்போது பொத்தான் அழுந்தி மாறுவது உண்டு. டி.வி.யை மானிட்டராக வைத்திருப்பவர்கள் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்.

கிராஃபிக்ஸ் செட்டிங். நாலு பக்கமும் ஒரே அளவில் சட்டம் போட்டதுபோல மெல்லிய பட்டை, ரெசல்யூஷன் சரியாகத்தான் இருக்கிறது, எழுத்து மட்டும் கொஞ்சம் மங்கல் என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். ஏ.எம்.டி. கார்டு என்றால் அட்ரெனலின் மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் எச்.டி.எம்.ஐ ஸ்கேலிங் என்ற நகர்த்தியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். என்விடியா என்றால் கண்ட்ரோல் பேனலில் 'அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்'. அதில் 'நோ ஸ்கேலிங்' இருந்தால் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்று மாற்றுங்கள். 'ஃபுல் ஸ்கிரீன்' போட்டாலும் பட்டை போகும், ஆனால் அது 4:3 அளவை இழுத்து நிரப்பும். இன்டெல் என்றால் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் டிஸ்ப்ளே, ஸ்கேல். 'சென்டர்டு' இருந்தால் மாற்றுங்கள்.

டிரைவர். ரெசல்யூஷன் பட்டியலில் சரியான அளவே இல்லை, பட்டியலே மங்கிப்போய் மாற்ற முடியாமல் இருக்கிறது, அண்மையில் விண்டோஸ் போட்டிருக்கிறீர்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கார்டின் டிரைவர் ஏறவில்லை. லேப்டாப் என்றால் அதன் கம்பெனித் தளத்திலிருந்து மாடல் எண் போட்டு எடுங்கள்.

கேபிள். டிரைவர் சரி, ஆனாலும் விண்டோஸ் மானிட்டரை அடையாளம் காணாமல் 1024×768இல் நிற்கிறது. வி.ஜி.ஏ கேபிளில் 12, 15 என்ற இரண்டு பின்கள் வழியாகத்தான் மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. மலிவான கேபிள்களில் அந்தக் கம்பிகள் இல்லாமலே வருவது உண்டு, சில கேபிளில் பின் வளைந்திருக்கும். எச்.டி.எம்.ஐயை வி.ஜி.ஏவாக மாற்றும் கன்வெர்ட்டரும் இதே தொல்லையைத் தரும். வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் எச்.டி.எம்.ஐயோ டிஸ்ப்ளே போர்ட்டோ இருந்தால் நேராகவே செருகிவிட்டு வி.ஜி.ஏவை மறந்துவிடுங்கள்.

வி.ஜி.ஏவிலேயே இருந்து, ஒரு பக்கம் மட்டும் பட்டை, எதிர்ப்பக்கம் படம் வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் கேபிள் மாற்ற வேண்டாம். மானிட்டர் மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' அழுத்துங்கள். படம் இடத்தில் போய் உட்காரும்.

இவ்வளவும் செய்து பட்டை போகவில்லை என்றால் மானிட்டரை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் போர்ட்டோ கார்டோ சந்தேகத்துக்குரியது. அப்போது சி.பி.யுவை மட்டும் கடைக்குக் கொண்டுபோனால் போதும்.

## பட்டை கருப்பாக இல்லை, சாம்பலாக இருக்கிறது

பட்டை இருப்பது தெரியாமல் இருட்டோடு கலந்துவிட வேண்டும். சாம்பலாக நின்றால் கண்ணை உறுத்தும், படமும் வெளுத்துத் தெரியும். எச்.டி.எம்.ஐயில் இணைத்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நிற வரம்பு. கம்ப்யூட்டர் கருப்பை 16 என்று அனுப்ப, மானிட்டர் 0தான் கருப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' ஃபுல் ஆக்குங்கள். ஏ.எம்.டியில் பிக்சல் ஃபார்மட்டை ஆர்.ஜி.பி. ஃபுல் என்று வையுங்கள். மானிட்டர் மெனுவில் 'எச்.டி.எம்.ஐ பிளாக் லெவல்' இருந்தால் அதையும் மாற்றிப் பாருங்கள்.

அதன் பிறகும் மூலைகளில் மட்டும் வெளிச்சம் கசிந்தால் அது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு. ஐ.பி.எஸ். என்ற வகைப் பேனல்களில் ஓரளவு இருக்கும். பிரைட்னஸைக் குறைத்து, அறையில் பின்புறச் சுவரில் மெல்லிய விளக்கு ஒன்று வைத்தால் பட்டை அடங்கிவிடும். புதிதாக வாங்கிய மானிட்டரில் ஒரு மூலை மட்டும் பளிச்சென்று கசிந்தால், மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இருட்டில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்குப் போங்கள்.

## பட்டை எங்கும் நகரவில்லை. எதைப் போட்டாலும் அதே இடம்

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பட்டை இல்லை, மானிட்டரில் இருக்கிறது என்றால் விண்டோஸ் மேல் பழி இல்லை. இந்தச் சோதனையை டெஸ்க்டாப்பில் செய்யுங்கள். காப்புரிமைப் பூட்டு உள்ள படம் ஓடும்போது எடுத்தால் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த இடம் முழுக்கக் கருப்பாகவே வரும்.

அடுத்து மானிட்டரிலிருந்து எச்.டி.எம்.ஐ கேபிளைக் கழற்றிவிட்டு, மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனுவோ 'நோ சிக்னல்' எழுத்தோ பட்டைக்குள் போகும்போது மறைந்தால் பேனல் அல்லது பேனலோடு ஒட்டிய ரிப்பன் கேபிள் போயிருக்கிறது. மெனு பட்டையின் மேலேயும் முழுதாகத் தெரிந்தால் பேனல் நலம், மேலே சொன்ன செட்டிங்குகளுக்குத் திரும்புங்கள்.

லேப்டாப்பில் பட்டை மூடியை அசைக்கும்போது வந்து வந்து போனால் பேனலை மாற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள், அது பேனலைவிட மிகவும் மலிவு.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையில் இன்னொரு வகை உண்டு. முழுவெள்ளைப் பக்கத்தைத் திறக்கும்போது பட்டை இருந்த இடம் நடுப்பகுதியைவிடப் பளிச்சென்று தெரியும். ஸ்கோப் படங்களாகவே பார்த்துப் பார்த்து நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, பட்டை இருந்த புள்ளிகள் வேலையே செய்யாததால் புதிதாக இருக்கின்றன. மானிட்டர் மெனுவில் பிக்சல் ரெஃப்ரெஷ் ஓடவிட்டுப் பாருங்கள். குறையலாம். தேய்ந்தது திரும்ப வராது.

பேனல் போனது உறுதியானால் மானிட்டரைப் பிரிக்காதீர்கள். வாரண்டி இருந்தால் பிரித்த அடையாளமே அதை ரத்து செய்யப் போதும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். வாரண்டி முடிந்திருந்தால், பேனல் மாற்றும் செலவை முதலில் ஃபோனில் கேளுங்கள். பெரும்பாலான சாதாரண மானிட்டர்களில் அது புதிது வாங்கும் விலையை நெருங்கிவிடும், அந்த நிலையில் மாற்றுவது வீண். எப்படியிருந்தாலும் கடைக்குப் போகும்போது மானிட்டரோடு அதன் பவர் அடாப்டர், நீங்கள் பயன்படுத்தும் அதே கேபிள், கேபிளைக் கழற்றிய நிலையில் மெனு தெரியும்படி எடுத்த ஒரு ஃபோட்டோ மூன்றையும் கொண்டுபோங்கள். அந்த ஃபோட்டோவைக் காட்டினால் "கார்டு மாத்தணும், விண்டோஸ் மாத்தணும்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.